ஒரு ஆள் இடம் விட்டு நின்ற ஸ்வெட்டர்

சென்னையில் குளிரால் செத்த ஒரே மனிதர் ஸ்வெட்டர்தான். அதுவும் மே மாதத்தில். டாக்டர் வெயில் என்று எழுதிக் கொடுத்தார். டாக்டருக்கு என்ன தெரியும்? அந்த மனுஷனை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு, அக்னி நட்சத்திரத்தில், முதுகில் கம்பளி உரச உரச, சாந்தோமிலிருந்து கோடம்பாக்கம் வரை டாக்டர் போயிருக்கிறாரா? நான் போயிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. ஆகவே இந்த விஷயத்தில் நான் சொல்வதுதான் சரி.

ஸ்வெட்டர் என்பது அவருடைய பெயர் இல்லை. ஆனால் வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லி. பாசிப்பச்சை நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர். இடது முழங்கையில் ஓட்டை விழுந்த இடத்தைச் சிவப்பு நூலால் அடைத்திருப்பார். கழுத்தில் மஃப்ளர். ஊரே பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிற மாதத்தில் இந்தக் கோலத்தில் தெருவில் போனால் என்ன ஆகும்? நாய் குரைக்கும். போலீஸ்காரர் நிறுத்துவார். ஒருமுறை நிறுத்தினார்.

"யோவ், உள்ள இன்னா வெச்சிருக்க?"

"குளிரு சார்," என்றார் ஸ்வெட்டர்.

போலீஸ்காரர் அவரைத் தடவிப் பார்த்தார், என்னை முறைத்தார், போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார். பைத்தியத்தைப் பிடித்தால் எழுத வேண்டியது அதிகம் என்று அவருக்குத் தெரியாதா?

நாங்கள் வேலை பார்த்தது கோடம்பாக்கத்தில் ஒரு சந்தில். கீழே ஜிம், மேலே எங்கள் கம்பெனி. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையில் படம் போடுவதற்கு முன்னால் உலக யுத்தச் செய்திகளை ஓட்டுவார்கள் அல்லவா? அந்த ரீல்கள் தகர டப்பாக்களில் ஒரு பழைய கொட்டகையின் கிடங்கில் கிடந்தன. கொட்டகையை இடித்தபோது எங்கள் முதலாளி மொத்தத்தையும் பழைய இரும்பு மாதிரி எடைக்கு வாங்கி வந்தார். சுத்தம் பண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்றி, துண்டு துண்டாக விற்பது தொழில். பீரங்கி, டாங்கி, பனி. மறுபடி பனி. பனியில் அணிவகுப்பு, பனியில் கல்யாணம், உறைந்துபோன ஆற்றில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள், பனியில் ரொட்டிக்கு க்யூ. யுத்தம் வேண்டும், கூட்டம் வேண்டும் என்று டிவிக்காரர்களும் யூட்யூப்காரர்களும் எங்களிடம் வருவார்கள். எந்த நாட்டு யுத்தம், எந்த ஊர் ஜனம் என்று ஒருத்தன் கேட்டதில்லை. பனி வெள்ளையாக இருந்தால் போதும் அவர்களுக்கு.

பழைய ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் வினிகர் நாற்றம் அடிக்கும். கெடாமல் இருப்பதற்காக டப்பாக்கள் இருக்கிற அறையை ஏசி போட்டு, ஐஸ் நிரப்பின மீன் பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். அந்த அறைக்குள் உட்கார்ந்து ஃபிலிமைத் துடைத்து, ஸ்கேனரில் ஓட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் அடித்து வைப்பது ஸ்வெட்டரின் வேலை. அதனால் அறைக்குள் அவர் ஸ்வெட்டர் போட்டது நியாயம். வெளியே வந்தும் கழற்றவில்லை என்பதுதான் எல்லோருடைய பிரச்சினையும்.

"வெளிய நெருப்பா கொட்டுது. கழட்டித் தொலையேன்," என்று ஒருநாள் பைக்கில் ஏறும்போது கத்தினேன்.

"அவங்கல்லாம் இன்னும் பனிலதான் நின்னுக்கினு கீறாங்க நைனா. நான் மட்டும் கழட்டிட்டுக் காத்து வாங்கறதா?"

நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

அதே கம்பெனியில் எனக்கு சத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலை. பழைய ரீலில் கரகரப்பு, கீறல், வெடிப்பு எல்லாம் இருக்கும். அதையெல்லாம் எடுத்து, உள்ளே புதைந்து கிடக்கிற இங்கிலீஷ் அறிவிப்பாளனின் குரலைத் துலக்கித் தருவேன். காது வலிக்க உழைத்து நான் துலக்கித் தந்த குரலை ஸ்வெட்டர் என்ன செய்வார் தெரியுமா? மியூட்டில் போட்டுவிடுவார்.

"எதுக்கு நிறுத்தின?"

"புளுகறான் நைனா அவன். ஜனங்க குஷியா கீறாங்கன்றான். அந்தம்மா மூஞ்சப் பாரு. அதுவா குஷி? மூக்கு ஒழுவுது, தொடைக்க கைய வெளிய எடுக்க முடியாம நிக்குது."

அவருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் பொய் என்று தெரிகிற அளவுக்குப் புரியும். குரலை நிறுத்திவிட்டு அவரே பேச ஆரம்பிப்பார். ஸ்கிரீனில் இருக்கிறவர்களோடு. "ஏம்மா, கொயந்தைக்கு குல்லா எங்க?" என்று யாரோ ஒரு தாயைக் கேட்பார். மேடையில் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிற தளபதியைப் பார்த்தால் நாற்காலியிலிருந்து எழுந்தே விடுவார். "நீ நல்லா ஒடம்பு பூரா கம்பளி சுத்திக்கினு நில்லு. எதுக்க நிக்கிற பையனுக்கு பூட்ஸ்ல வெரலு தெரியுது, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" கீழே ஜிம்மில் இருந்தவர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்துவிட்டார்கள். ஒருநாள் ஜிம் மாஸ்டர் பனியனோடு மாடியேறி வந்தார், சமாதானம் பண்ண. ஸ்வெட்டர் அவரை உட்காரவைத்துத் தளபதியைக் காட்டினார். மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா சார், இவன் பண்றது தப்புதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளிக்கும் ஸ்வெட்டருக்கும் தினமும் சண்டை. முதலாளி கேட்டது இரண்டே வார்த்தை. தேடுகிறவனுக்கு உடனே கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"'குளிர்காலம், கூட்டம்'. இத டைப் பண்ணுங்கன்னுதான் சார் சொன்னேன். நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, ஸ்கிரீனைப் பார்த்து அவரே சத்தமாகப் படித்தார். "'இடது பக்கம் நிற்கிற அம்மாவிடம் ஒரு கையுறைதான் இருக்கிறது. மற்றதைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். அது பிள்ளைக்கு முழங்கை வரைக்கும் வருகிறது.' இத எவன் சார் தேடி வருவான்?"

"அந்தப் புள்ள தேடலாம் சார்."

"அந்தப் புள்ளைக்கு இப்ப தொண்ணூறு வயசு சார்!"

"அப்ப சீக்கிரம் போட்டு வெச்சுருங்க சார்."

இதெல்லாம் நாலு சுவருக்குள் நடந்தது. பொறுத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டரோடு க்யூவில் நிற்பதுதான் நரகம்.

சென்னையில் முன்னால் நிற்பவன் முதுகில் மூக்கு இடிக்க நிற்காவிட்டால் நீங்கள் க்யூவிலேயே இல்லை என்று அர்த்தம். ஸ்வெட்டர் சரியாக ஒரு ஆள் இடம் விட்டு நிற்பார். டீக்கடையானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி, கரண்ட் பில் கட்டுகிற இடமானாலும் சரி. விட்ட இடத்தில் ஒருத்தன் புகுவான். ஸ்வெட்டர் அவனை ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு அடி பின்னால் வந்து, மறுபடி ஒரு ஆள் இடம் விடுவார். அதில் இன்னொருத்தன். இப்படியே பின்னால் பின்னால் வந்து, கடைசியில் க்யூவின் வால் நாங்கள்தான். டீ மாஸ்டர் ஸ்டவ்வை அணைத்துவிட்டு, "அண்ணே, பால் காலி," என்பார். எத்தனை நாள் அந்த வார்த்தையைக் கேட்டிருப்பேன்!

எங்கள் இருவருக்கும் ஒரே ரேஷன் கடை. அங்கேதான் அஞ்சலை அக்காவிடம் மாட்டினார். அஞ்சலை அக்கா நொச்சிக்குப்பத்துக்காரர். ரோட்டோரம் மீன் விற்பவர். அந்தக் குரலுக்கு லாரியே பிரேக் போடும்.

"யோவ் கம்பளி! முன்னாடி போய்யா. நடுவுல இன்னாத்துக்கு சந்து வுட்டுக்கினு நிக்கிற? காரு வுடப் போறியா?"

"ஒரு ஆளுக்கு எடம்கா."

"எந்த ஆளு?"

"தெர்லக்கா."

"தெரியாத ஆளுக்கா நான் வெயில்ல காயறேன்? அங்க என் மீனு நாறிக்கினு கீது! போய்யா முன்னாடி!"

ஸ்வெட்டர் நகரவில்லை. அஞ்சலை அக்கா அவரைத் தள்ளினார். ஸ்வெட்டர் தள்ளின இடத்துக்குப் போய்விட்டு, திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றார். இந்தக் கூத்து மாதாமாதம் நடந்தது. கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அஞ்சலை அக்காதான்.

எங்கள் ரேஷன் கடையில் ஒரு பழக்கம் உண்டு. விடியும்போதே வந்து க்யூவில் பையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பை இல்லாதவர்கள் செங்கல், செருப்பு, உடைந்த பக்கெட் எதையாவது போடுவார்கள். பை கிடந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. பையை எவனாவது தாண்டினால் அன்றைக்கு மண்டை உடையும். சட்டம், போலீஸ், கோர்ட் எல்லாவற்றையும் ஏமாற்றுகிற ஆட்கள்கூட அந்தப் பைக்குக் கட்டுப்படுவார்கள்.

அன்றைக்கு அஞ்சலை அக்கா தன் கூடையிலிருந்து ஒரு மஞ்சள் பையை உருவி ஸ்வெட்டருக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் வீசினார்.

"தோ, பை போட்டாச்சு. இனிமே அங்க ஆளு கீது. எவன் பூந்தாலும் நான் கேக்கறேன். நீ வாய மூடிக்கினு நில்லு. பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

ஸ்வெட்டர் அந்தப் பையைக் குனிந்து நேராக நிமிர்த்தி வைத்தார். அன்று முதல் மஞ்சள் பை எப்போதும் அவர் கையில். எந்த க்யூவாக இருந்தாலும் தனக்கு முன்னால் அதை வைப்பார், க்யூ நகர நகரக் காலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவார். கவுண்டரில் பையின் முறை வந்ததும் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"யாருது இது?"

"வருவாரு சார். நீங்க எனக்குப் போடுங்க."

யார் வருவார் என்று நான் கேட்டதில்லை. கேட்க வைத்தது பசி. ஒரு மத்தியானம் கோடம்பாக்கத்தில் சாப்பாட்டுக் கடை க்யூவில் ஒருத்தன் மஞ்சள் பையைத் தாண்டிப் புகுந்தான், அவன் பின்னால் அவன் கூட்டமே புகுந்தது. எங்கள் முறை வந்தபோது ரசம் மட்டும்தான் இருந்தது. தட்டைப் போட்டுவிட்டு ஸ்வெட்டரின் சட்டையை, அதாவது ஸ்வெட்டரை, பிடித்தேன். "யாருய்யா அந்த ஆளு? எவனுக்காக நான் பட்டினி கிடக்கறேன்? இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் என்னைத் திட்டவில்லை. டப்பா அறைக்குக் கூட்டிப்போய் ஒரு டப்பாவிலிருந்து ஏற்றின துண்டை ஓட்டினார். மியூட்டில்தான்.

மூடிக்கிடக்கிற ஒரு கடை. வாசலில் க்யூ. இடுப்பளவு பனியைச் செதுக்கி நடப்பதற்கு வழி விட்டிருக்கிறார்கள். ரீலின் முன்பக்கம் அழிந்துபோனதால் எந்த ஊர் என்று தெரியாது. க்யூவின் நடுவில் ஒரு கிழவர். காதை மூடுகிற தொப்பி, கையில் ஒரு தகரத் தூக்கு. கேமரா அருகில் வரும்போது நிமிர்ந்து பார்க்கிறார். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தொப்பியைச் சரி பண்ணிக்கொள்கிறார். தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறார். அப்புறம் முழங்கால் மடிகிறது. விழவில்லை, உட்காருவது மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் குவிந்திருந்த பனியில் சாய்ந்தார். தூக்கு உருண்டது. அவருக்குப் பின்னால் நின்ற பெண் அவரைப் பார்த்தாள். பிறகு கடையைப் பார்த்தாள். பிறகு ஒரு அடி முன்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவனும் ஒரு அடி வைத்தான். க்யூ மூடிக்கொண்டது. அடுத்த காட்சியில் ராணுவ பேண்டு வாசிக்கிறார்கள்.

நான் சுத்தம் பண்ணின ரீல்தான். அறிவிப்பாளன் அந்த இடத்தில் என்ன சொன்னான் என்பது எனக்கு மனப்பாடம். ஜனங்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னான். சத்தத்தை மட்டும் கேட்டு வேலை பார்த்தவனுக்குப் படத்தில் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தம்மாவத் தப்பு சொல்ல மாட்டேன் நைனா," என்றார் ஸ்வெட்டர். "அதுக்கும் வூட்ல புள்ளைங்க கீதோ இன்னாவோ. ஆனா அந்த எடம் அவரு எடம். அத மூடிட்டாங்க பாரு."

நான் வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு ரசம் சாதத்துக்காக அவரிடம் சண்டை போடவில்லை.

இனிமேல் சிரிக்கிற விஷயம் அதிகம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோடை வந்தது. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. கோடைக்கு 'குளுகுளு தள்ளுபடி' அறிவித்தார்கள். குளுகுளு என்றால் பனி. பனி என்றால் எங்கள் முதலாளி. தள்ளுபடி என்றால் க்யூ. இதுவரைக்கும் நான் எழுதினதைப் படித்தவர்களுக்கு எந்தத் துண்டை விற்றார் என்று சொல்ல வேண்டியதில்லை. விளம்பரக்காரர்கள் அதற்குக் கலர் பூசினார்கள். க்யூவில் நின்றவர்கள் கையில் எல்லாம் கம்ப்யூட்டரால் கடையின் பையை மாட்டிவிட்டார்கள். கிழவரின் தகரத் தூக்கு போய் அங்கேயும் ஒரு பை. கீழே கொட்டை எழுத்தில்: 'அந்தக் காலத்திலேயே நம்ம கடைக்கு என்னா க்யூ!'

பட்டினி கிடந்து செத்தவனை வைத்துப் பட்டுப்பாவாடை விற்கிறான். கேட்டால் கிரியேட்டிவ் என்பான். அவன் வாயில் மண்.

ஸ்வெட்டர் முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், அது வேணாம் சார். வேற பனி எவ்ளோ கீது. புள்ளைங்க சறுக்கி ஆடறது கீது. அத்தக் குடுங்க."

"அவங்களுக்கு க்யூதான் வேணுமாம். உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அந்தப் பெரியவரு செத்துப்போறாரு சார் அதுல."

"அத கட் பண்ணிட்டாங்க சார். சாகறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் யூஸ் பண்றாங்க. அந்தாளு எழுந்து வந்து கேஸ் போடப்போறாரா?"

ஸ்வெட்டர் நேராக டப்பா அறைக்குப் போய் அந்த டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். முதலாளி தடுக்கக்கூட இல்லை. "எடுத்துட்டுப் போங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. நாளைலேர்ந்து நீங்களும் வர வேணாம்." அவ்வளவுதான். வருஷக்கணக்கில் ஐஸ் அறையில் உட்கார்ந்து உழைத்த மனுஷனுக்கு அவ்வளவுதான் மரியாதை. ஷேர் ஆட்டோவில் அந்த டப்பாவோடு ஏறினார். வினிகர் நாற்றம் தாங்காமல் டிரைவர், "ஊறுகா யாவாரமா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாபா," என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டுக்கு வந்தார். "தி. நகரு போலாம் நைனா. அந்தக் கடைக்காரன நாலு வார்த்த கேக்கணும்." எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. இருவரும் போனோம்.

கடைக்கு மேலே ராட்சச ஸ்கிரீன். கீழே ஜனம் நெரிகிறது. கரும்புச் சாறு, ஊசி மணி, செல்போன் கவர், அழுகிற பிள்ளைகள். ஸ்கிரீனில் அந்தப் பனி. நான் வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம், "மேனேஜரக் கூப்பிடு," என்று ஆரம்பித்துவிட்டேன். நல்ல வசவுகளாக எடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஸ்வெட்டரின் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கிழவர் நிமிர்ந்து பார்க்கிறார். தொப்பியைச் சரி பண்ணுகிறார். பையைக் கை மாற்றுகிறார். முழங்கால் மடிவதற்கு முன்னால் படம் மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது. நிமிர்ந்து பார்க்கிறார். தொப்பியைச் சரி பண்ணுகிறார். மறுபடி. மறுபடி.

ஸ்வெட்டர் என் கையைப் பிடித்தார். அவ்வளவு கம்பளிக்குள் இருந்த மனுஷனுக்குக் கை சில்லென்று இருந்தது.

"வுழல பாத்தியா நைனா? நின்னுக்கினே கீறாரு."

"அவர் கையில அவனுங்க பையை மாட்டியிருக்கானுங்க ஸ்வெட்டரு. மானத்த வாங்கறானுங்க."

"பை கீதுன்னா ஆளு கீதுன்னு அர்த்தம் நைனா. அஞ்சலக்கா சட்டம்."

செக்யூரிட்டி எங்கள் அருகில் வந்து, "சார், மேனேஜர் கிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டார். ஸ்வெட்டர் சொன்னார்: "ஒன்னியும் இல்ல. நல்லாக் கீதுன்னு சொல்லு."

எடுத்து வைத்திருந்த வசவெல்லாம் என் வாயிலேயே கிடந்து கசந்தது. இன்றைக்கும் கசக்கிறது. அந்தக் கடைக்காரனுக்கு உறைக்க வேண்டிய வசவு அது. அதற்குப் பதில் அவனுக்கு ஒரு பாராட்டு போய்ச் சேர்ந்தது.

அப்புறம் தினமும் போனார். வேலைதான் இல்லையே. காலையில் கடை திறக்கும்போது ஸ்கிரீனுக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கம் போய் நிற்பார். நிழல் கிடையாது. மஃப்ளர், ஸ்வெட்டர், கையில் மஞ்சள் பை. பார்த்தவர்கள் விளம்பரத்துக்காகக் கடைக்காரன் நிறுத்தி வைத்த ஆள் என்று நினைத்து அவரோடு செல்ஃபி எடுத்தார்கள். அவரும் நின்று கொடுத்தார். எதிரே கரும்புச் சாறு விற்கிறவன் எனக்குத் தெரிந்தவன். "சொன்னா கேக்க மாட்டேங்கறாரு மச்சி. ஜூஸ் குடுத்தா 'ஐஸ் வேணாம், குளுருது'ன்றாரு," என்றான். நான் திட்டினேன், கெஞ்சினேன், ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மறுநாள் அங்கேதான் நின்றார்.

தள்ளுபடி முடிந்தது. ஸ்கிரீனில் நகைக்கடை விளம்பரம் வந்தது. அன்று சாயந்தரம் ஸ்வெட்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"எட்த்துட்டாங்க நைனா."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போய்விட்டார்.

அடுத்த வாரம் ரேஷனில் அரிசி போட்டார்கள். க்யூ ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. கடைக்கு ஒரு தகரக் கூரை போட எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! போடமாட்டார்கள். முன்னால் மஞ்சள் பை, பிறகு ஸ்வெட்டர், அவருக்குப் பின்னால் அஞ்சலை அக்கா, அதற்குப் பின்னால் நான். அஞ்சலை அக்கா வழக்கம்போல் ஆரம்பித்தார். "யோவ் கம்பளி, அந்த மஃப்ளரையாவது கழட்டுய்யா. ஒன்னப் பாத்தா எனக்கு வேர்க்குது." ஸ்வெட்டர் திரும்பிச் சிரித்தார். கழுத்தில் மஃப்ளரைச் சரி பண்ணிக்கொண்டார். அரிசிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நகர்வதற்குள் அவருடைய முழங்கால் மடிந்துவிட்டது.

தண்ணீர் தெளித்தோம். ஆட்டோ பிடித்தோம். அவர் தலை என் மடியில். கண்ணைத் திறந்து, "எடம் பூடும் நைனா," என்றார்.

"பை கீது ஸ்வெட்டரு. போகாது."

"ரெண்டு பையுமா?"

"ரெண்டும் கீது. நீ பேசாத."

தலையை ஆட்டினார். அப்புறம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் பேஷண்ட் பெயர் கேட்டார்கள். "ஸ்வெட்டர்," என்றேன். "விளையாடறீங்களா?" என்றார்கள். அவர் பாக்கெட்டில் ரேஷன் கார்டு இருந்தது, அதில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்த ஆளை எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். டாக்டர் எழுதின சீட்டில் வெயில் என்று இருந்தது.

பெரும்பாக்கத்தில் இருக்கிற அவருடைய தங்கச்சிக்குத் தகவல் சொல்லிவிட்டு, நான் விட்டுவந்த பைக்கை எடுக்க ரேஷன் கடைக்குப் போனேன். கடையை மத்தியானத்துக்குச் சாத்தியிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னால் நின்றவர்கள் ஓரமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். குற்றம்தான் சொல்கிறேன்.

கொதிக்கிற ரோட்டில் மஞ்சள் பை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் ஸ்வெட்டரின் அரிசிப் பை. அதற்குப் பின்னால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அஞ்சலை அக்கா. காலையில் நின்ற அதே இடம். அவருடைய காலி அரிசிப் பை கையிலேயே இருந்தது. அன்றைக்குப் பிடித்த மீன் எல்லாம் ரோட்டோரத்தில் நாறியிருக்கும்.

"அல்லாரும் தாண்டிக்கினு பூட்டாங்க. நான் தாண்டல," என்றார். "ஆளு எப்டி கீது?"

கையில் இருந்த கவரைப் பார்த்தார். கவரின் வாய் வழியாகச் சிவப்பு நூல் போட்ட முழங்கை தெரிந்தது.

"கஸ்மாலம்!" என்று கத்தினார். "கயட்டுடா கயட்டுடான்னு தலபாடா அடிச்சுக்கினேனே! எந்த ஊர்லயோ பனி பேஞ்சா இவனுக்கு இன்னாவாம்! பேமானி!" கத்திக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் பைக்கு அருகில் குனிந்து, "பையை எடுத்துக்கட்டாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும். சாய்ந்தரம் கடை தொறப்பான்."

இந்த மாதமும் அரிசி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் மஞ்சள் பை. புதிதாக வந்த ஒருத்தன் அதைக் காலால் ஓரமாகத் தள்ளப் பார்த்தான். "த, கால எடு! ஆளு கீது!" என்று பின்னாலிருந்து அஞ்சலை அக்கா போட்ட சத்தத்தில் இரண்டடி பின்னால் போய் நின்றான். பை காலி இல்லை. அந்த ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். வருகிறவருக்குக் குளிருமே.